"அத்தை போனாங்க, அதுதான் நிம்மதி" என்று வாய் தவறி வந்துவிட்டது. மனதில் இருந்ததுதான் வந்ததா?

#1 தாழ்வாரம்

வீட்டில் யாரிடமும் கேட்க முடியாத விஷயம், அதனால் இங்கே கேட்கிறேன்.

என் மாமியார் போன மாதம் காலமானார். நாலு வருஷம் படுக்கை. பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் பாதிதான். நான்தான் பார்த்துக்கொண்டேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். ராத்திரி பன்னிரண்டு, இரண்டு, நாலு என்று அலாரம் வைத்து எழுந்திருப்பேன்.

காரியம் நடந்த வாரம் ஃபோன் ஓயவே இல்லை. துக்கம் விசாரித்த எல்லாரிடமும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னேன்: "அத்தை நிம்மதியாப் போனாங்க, அதுதான் எங்களுக்கு ஆறுதல்." முப்பது தடவையாவது சொல்லியிருப்பேன். மூன்றாம் நாள் சாயங்காலம் பெங்களூரிலிருந்து சின்ன மாமனார் கூப்பிட்டார். அவரிடம், "அத்தை போனாங்க, அதுதான் எங்களுக்கு நிம்மதி" என்று வந்துவிட்டது. சொல்லி முடித்த பிறகுதான் என் காதிலேயே விழுந்தது.

நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்து டம்ளர்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பது நின்றது. "மனசுல இருக்கறதுதானே வாயில வரும்" என்றார். அவ்வளவுதான். பதினாறாம் நாள் கிளம்பும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. இன்றுவரை ஃபோன் எடுக்கவில்லை.

அவர் சொன்னது உண்மையா? வாய் தவறுவது உண்மையிலேயே உள்ளே இருப்பதைக் காட்டிக்கொடுக்குமா? படித்தவர்கள் சொல்லுங்கள்.

#2 முத்துக்குளி

முதலில் என் அனுதாபங்கள். நாலு வருஷம் ராத்திரி தூங்காமல் பார்ப்பது சின்ன விஷயமில்லை.

ஆனால் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். ஆமாம், காட்டிக்கொடுக்கும். ஆழ்மனத்தை ஆராய்ந்த வியன்னா மருத்துவர் ஃப்ராய்ட் 1901-லேயே இதை விரிவாக எழுதினார். நாக்கு தவறுவது, தெரிந்த பெயர் மறப்பது, கை தவறிப் பொருளைப் போடுவது எல்லாவற்றையும் ஜெர்மன் மொழியில் 'ஃபெல்லைஸ்டுங்' என்ற ஒரே சொல்லில் அடக்கினார். தவறிப்போன செயல் என்று பொருள். சொல்ல வந்த எண்ணம் ஒன்று, அடக்கி வைத்த எண்ணம் இன்னொன்று. இரண்டும் மோதும்போது அடக்கி வைத்தது இடுக்கில் வெளியே வந்துவிடுகிறது. அவர் காட்டிய உதாரணம் பிரபலமானது. ஆஸ்திரிய நாடாளுமன்றத்தின் கீழவைத் தலைவர் கூட்டத்தைத் தொடங்கி வைக்க எழுந்தார். எழுந்தவர் "கூட்டம் முடிவடைந்தது" என்று அறிவித்தார். அந்தக் கூட்டத்தால் நல்லது எதுவும் நடக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

என் அனுபவத்தையும் சொல்கிறேன். பதினோரு வருஷம் ஒரே அலுவலகத்தில் வேலை. தினமும் கிளம்பும்போது மேலாளரிடம் "போயிட்டு வரேன் சார்" என்பேன். ஒரு நாள் "போறேன் சார்" என்று வந்தது. மூன்று மாதத்தில் ராஜினாமா கொடுத்துவிட்டேன். அன்று எனக்கே தெரியாதது என் வாய்க்குத் தெரிந்திருந்தது.

#3 சொல்லாய்வன்

நான் மொழியியல் படித்தவன், பேச்சுத் தவறுகளைச் சேகரிக்கிற பழக்கம் உண்டு. முத்துக்குளி சொன்ன நாடாளுமன்ற உதாரணம் ஃப்ராய்ட் சேகரித்தது இல்லை. அவருக்கு முன்பே வியன்னாவில் ருடால்ஃப் மெரிங்கர் என்ற மொழியியலாளரும் கார்ல் மாயர் என்ற மனநல மருத்துவரும் சேர்ந்து 1895-ல் ஒரு நூல் போட்டார்கள். சுற்றியிருந்தவர்கள் பேசும்போது விட்ட தவறுகளை ஆயிரக்கணக்கில் குறித்து வைத்தவர் மெரிங்கர். அந்தக் குவியலிலிருந்துதான் ஃப்ராய்ட் பல உதாரணங்களை எடுத்தார். மெரிங்கர் அதே குவியலைப் பார்த்து வேறு முடிவுக்கு வந்தார். நாக்கு கண்டபடி தவறுவதில்லை, ஒலிக்கும் சொல்லுக்கும் உள்ள ஒழுங்கின்படிதான் தவறுகிறது என்றார். பிறகு கலிஃபோர்னியாவில் விக்டோரியா ஃப்ராம்கின் 1971-ல் எழுதிய கட்டுரை இந்த ஆய்வுக்குப் புது உயிர் கொடுத்தது.

அந்த ஒழுங்கு நம் வீடுகளிலேயே தெரியும். "கதவைப் பூட்டி சாவியை எடுத்துட்டு வா" என்பதற்குப் பதில் "சாவியைப் பூட்டி கதவை எடுத்துட்டு வா" என்று சொல்லாத வீடு உண்டா? பெயர்ச்சொல் இருந்த இடத்துக்குப் பெயர்ச்சொல்தான் போகிறது, வினைச்சொல் போவதில்லை. வேற்றுமை உருபு தன் இடத்திலேயே நிற்கிறது, சொல் மட்டும் அதன்மேல் வந்து உட்காருகிறது. வாக்கியத்தின் சட்டத்தை முதலில் கட்டிவிட்டு, அப்புறம் அந்தக் குழிகளில் சொற்களைப் போடுகிறோம் என்பதற்கு இது சான்று. போடுகிற வேகத்தில் குழி மாறுகிறது.

இப்போது தாழ்வாரம் சொன்ன வாக்கியத்தை எடுங்கள். "அத்தை நிம்மதியாப் போனாங்க, அதுதான் எங்களுக்கு ஆறுதல்." நிம்மதி, ஆறுதல் இரண்டும் பெயர்ச்சொற்கள், பொருளிலும் பக்கத்துப் பக்கத்து வீடுகள். ஒரே வாக்கியத்தில் இரண்டும் ஒரே நேரத்தில் தயாராக நிற்கின்றன. முதல் குழியில் விழ வேண்டிய நிம்மதி அதைத் தாண்டிப் போய் இரண்டாவது குழியில் விழுந்தது. விழும்போது 'ஆ' என்ற விகுதியை உதறிவிட்டு, அந்த இடத்துக்கு வேண்டிய உருவத்தில் 'நிம்மதி' என்றே விழுந்திருக்கிறது. பாடப்புத்தகத்தில் போடலாம், அவ்வளவு துல்லியமான தவறு. மூன்று நாள் ஓயாத ஃபோன், முப்பது தடவை சொன்ன வாக்கியம் வேறு. கவனம் தளர்ந்தால் இப்படித்தான் நடக்கும்.

முத்துக்குளிக்கு ஒரு கேள்வி. அந்தப் பதினோரு வருஷத்தில் வேறு நாட்களிலும் "போறேன்" என்று வந்திருக்கலாம் இல்லையா? ராஜினாமா நடக்காதிருந்தால் இந்த ஒரு நாளும் உங்கள் நினைவில் நின்றிருக்காது. சாவியைப் பூட்டியதை மறந்துவிடுகிறோம். அர்த்தம் ஒட்டிக்கொள்கிற தவறை மட்டும் ஆயுசுக்கும் வைத்துக்கொள்கிறோம்.

#4 வடமராட்சியான்

எங்கட வீட்டுக் கதையையும் சொல்லுறன். நாங்கள் நாலு பிள்ளையள். அம்மா ஒருத்தரைக் கூப்பிடேக்க மூத்தவரில இருந்து வரிசையா எல்லாற்ற பேரும் வரும், பிறகுதான் சரியான ஆளுக்கு வந்து நிப்பா. சில நேரம் நாயின்ர பேரும் இடையில வந்திடும். சின்னனில எங்களுக்கு அது பெரிய பகிடி.

பெரியண்ணா 2009-ல இல்லாமல் போனவர். இப்பவும் அம்மா என்னைக் கூப்பிடேக்க முதல்ல அவற்ற பேர்தான் வரும். வந்த உடன ஒரு கணம் நிப்பா. பிறகு என்ர பேரைச் சொல்லுவா.

அக்கா, நீங்கள் கேட்ட கேள்விக்கு எனக்கு மறுமொழி தெரியாது. ஆனா அந்த ஒரு கணத்தை வச்சு அம்மாவிட்ட ஆரும் ஒண்டும் கேட்டதில்லை. அதுதான் சொல்ல வந்தனான்.

#5 சொல்லாய்வன்

வடமராட்சியான், உங்கள் அம்மா சொல்லும் அந்த வரிசையைப் பற்றி ஆய்வே இருக்கிறது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 1,700 பேருக்கு மேல் கேட்டு 2016-ல் வெளியிட்டார்கள். பெயர் மாற்றிக் கூப்பிடுவது பெரும்பாலும் ஒரே வட்டத்துக்குள்தான் நடக்கிறது. பிள்ளையின் பெயருக்கு இன்னொரு பிள்ளை, நண்பனுக்கு இன்னொரு நண்பன். ஒலி ஒத்துப்போனால் இன்னும் எளிதில் மாறும். முகச் சாயல் பெரிதாகக் கணக்கில் வரவில்லை. குடும்பத்து வரிசையில் நாயின் பெயரும் வருகிறது, பூனையின் பெயர் அநேகமாக வருவதில்லை. உங்கள் வீட்டு நாயும் அந்த வட்டத்துக்குள்தான் இருந்திருக்கிறது.

பெயர் மாறுவது யாரைக் குறைவாக நேசிக்கிறோம் என்பதைச் சொல்வதில்லை. யார் யாரெல்லாம் ஒரே கூட்டில் இருக்கிறார்கள் என்பதைத்தான் சொல்கிறது. உங்கள் அண்ணன் இன்னும் அந்தக் கூட்டில் முதலில் இருக்கிறார்.

#6 பழையபள்ளிக்கூடம்

முப்பத்திரண்டு வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தவன் என்ற உரிமையில் இரண்டு விஷயம் சொல்கிறேன்.

சொல்லாய்வன் தம்பி சொல்லும் ஒழுங்கை நம் இலக்கணக்காரர்கள் வேறு விதத்தில் பார்த்திருக்கிறார்கள். தசை என்பது சதை ஆனது, விசிறி என்பது சிவிறி ஆனது, ஞிமிறு மிஞிறு ஆனது. எழுத்துகள் இடம் மாறி நின்றே நிலைத்துவிட்ட சொற்கள். எங்கள் ஊர்ப்பக்கம் மதுரையை மருதை என்றும் குதிரையைக் குருதை என்றும் சொல்லாத கிழவி இல்லை. நாக்குக்கு இந்த வழுக்கல் இயல்பு.

வழுக்கல் என்றே சொல்ல வேண்டும். 127-ஆம் குறளில் 'சொல்லிழுக்கு' என்று வருகிறது இல்லையா, பலர் அதைக் குற்றமுள்ள சொல் என்று மட்டும் படித்துவிட்டுப் போகிறார்கள். 415-ஆம் குறளில் 'இழுக்கல் உடையுழி ஊற்றுக்கோல்' என்கிறார். வழுக்குகிற இடத்தில் ஊன்றுகோல் என்று பொருள். இழுக்கு என்ற சொல்லுக்குள்ளேயே சறுக்கு இருக்கிறது. சறுக்கி விழுந்தவரைப் பார்த்து, நீ விழத்தான் ஆசைப்பட்டாய் என்று சொல்வோமா?

இரண்டாவது, கும்பகர்ணன். பாட்டி சொல்லிக் கேட்ட கதை. தவம் செய்து பிரமனிடம் நித்தியத்துவம் கேட்கப் போனவன் நித்திரத்துவம் என்று கேட்டுவிட்டான். சாகா வரம் கேட்க நினைத்தவனுக்குத் தூக்க வரம் கிடைத்தது. கலைமகள் நாவில் வந்து உட்கார்ந்து புரட்டிவிட்டாள் என்பார்கள். இந்தக் கதையை எத்தனையோ வகுப்பில் சொல்லியிருக்கிறேன், அவனுக்கு உள்ளுக்குள் தூங்கத்தான் ஆசை என்று ஒரு பிள்ளைகூடச் சொன்னதில்லை. மனம் கேட்டது ஒன்று, நாக்கு சொன்னது ஒன்று, தண்டனை மட்டும் அவனுக்கு. அதனால்தான் அவன்மேல் நமக்கு இரக்கம் வருகிறது.

#7 தாழ்வாரம்

எல்லாருக்கும் நன்றி. சொல்லாய்வன் எழுதியதைப் படித்ததும் கொஞ்சம் மூச்சு விட்டேன். ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் நான் பொய் சொன்னவள் ஆவேன்.

நிம்மதி இருந்தது. அதுதான் உண்மை. அவர் போன மறுநாள் ராத்திரி அலாரம் அடிக்காமல் தூங்கினேன். விடிந்ததும் அந்தத் தூக்கம் நன்றாக இருந்தது என்று முதலில் தோன்றியது, அப்புறம்தான் ஏன் தூங்கினேன் என்று நினைவு வந்தது. அதற்கு முன்னாலும் ஒரு நாள், மூன்றாவது வருஷம் இருக்கும், நடுராத்திரி துணி மாற்றும்போது 'கடவுளே, இது எப்போ முடியும்' என்று நினைத்திருக்கிறேன். அவர் கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்படியென்றால் முத்துக்குளி சொல்வதுதானே சரி? நாத்தனார் சொன்னதும் சரிதானே?

#8 நீலக்கல்

நான் மனநல ஆலோசகர். இந்தப் பதிவுக்காகவே உள்ளே வந்தேன்.

தாழ்வாரம், உங்கள் கடைசிப் பதிவை நீங்களே இன்னொரு தடவை படியுங்கள். தூங்கி எழுந்ததும் நன்றாக இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். மூன்றாவது வருஷம் என்ன நினைத்தீர்கள் என்று தெரியும். அன்று அவர் கண் திறந்திருந்தது வரை தெரியும். இதில் ஆழ்மனம் எங்கே இருக்கிறது? ஆழ்மனம் என்றால் உங்களுக்கே தெரியாமல் பூட்டி வைத்தது. இது நீங்கள் அறிந்த எண்ணம், சுமந்த எண்ணம். நாக்கு ரகசியம் எதையும் வெளியே போடவில்லை. துக்க வீட்டில் சொல்லக்கூடாது என்று நீங்கள் அறிந்தே வைத்திருந்த ஒன்றை, கவனம் தளர்ந்த நேரத்தில் விட்டுவிட்டது.

ஃப்ராய்டை முத்துக்குளி கொஞ்சம் அவசரமாகச் சொல்லிவிட்டார். முதல் உலகப் போர் நடந்த வருஷங்களில் ஃப்ராய்ட் கொடுத்த சொற்பொழிவுகளில் முதல் பகுதியே இந்தத் தவறுகளைப் பற்றியதுதான். அதில் அவரே மூன்று வகை சொல்கிறார். குறுக்கே வந்த எண்ணம் பேசியவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும். அல்லது சொன்ன பிறகு 'ஆமாம், என் எண்ணம்தான்' என்று ஒப்புக்கொள்வார். அல்லது அப்படி ஒன்றே இல்லை என்று அடித்து மறுப்பார். உங்களுடையது முதல் வகை. சண்டையெல்லாம் மூன்றாவது வகையில்தான். மறுப்பவரையும் மீறி 'உன் மனதில் அதுதான் இருந்தது' என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு உண்டு? ஃப்ராய்ட் தனக்கு உண்டு என்று நினைத்தார். அங்கே நான் அவரோடு இல்லை.

எண்ணத்துக்கும் தவறுக்கும் தொடர்பே இல்லையா என்றால், இருக்கிறது. 1970-களில் மைக்கேல் மோட்லி, பெர்னார்ட் பார்ஸ் இருவரும் சோதனைச்சாலையில் செய்து பார்த்தார்கள். திரையில் சொல் ஜோடிகளை வேகமாகக் காட்டி, நாக்கு புரளும்படி தயார் செய்துவிட்டு, திடீரென்று ஒரு ஜோடியைச் சத்தமாகப் படிக்கச் சொல்வார்கள். ஒரு குழுவினர் கையில் மின்கம்பியை மாட்டி, நடுவில் ஷாக் அடிக்கலாம் என்று சொல்லி வைத்தார்கள். இவர்கள் 'ஷேட் பாக்' என்று படிக்க வேண்டியதை 'பேட் ஷாக்' என்று படிப்பது போன்ற தவறுகளையே அதிகம் செய்தார்கள். மனதில் ஓடுவது தவறின் திசையைத் திருப்புகிறது, அது நிஜம்.

ஆனால் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். ஷாக் பயம் அவர்களுக்குத் தெரிந்த பயம், யாரும் பூட்டி வைத்ததில்லை. இன்னொன்று, ஒலிகள் ஏற்கெனவே புரளத் தயாராக இருந்த இடத்தில்தான் அந்தப் பயம் உள்ளே புகுந்தது. சொல்லாய்வன் காட்டிய விரிசல் உங்கள் வாக்கியத்தில் முன்பே இருந்தது. நிம்மதி என்ற எண்ணம் அதை ஒரு விரல் தள்ளியிருக்கலாம். தள்ளாமலும் இருந்திருக்கலாம். எனக்கும் தெரியாது, உங்கள் நாத்தனாருக்கும் தெரியாது.

பல வருஷம் படுக்கையில் இருந்தவரைப் பார்த்துக்கொண்டவர்கள் என்னிடம் வந்து அழுவது பெரும்பாலும் இந்த நிம்மதியைச் சொல்லித்தான். இழப்பைச் சொல்லி அழ ஊரே துணைக்கு வரும். இதைச் சொல்லி அழ ஆள் கிடையாது. முடிய வேண்டும் என்று நினைத்த அதே கைதான் இரண்டு மணிக்கு எழுந்து புரட்டிப் படுக்க வைத்தது. நாலு வருஷத்தில் படுக்கைப்புண் வந்ததா?

#9 தாழ்வாரம்

வரவில்லை. ஒரு தடவைகூட.

#10 முத்துக்குளி

தாழ்வாரம், என் முதல் பதிவு உங்களைப் புண்படுத்தியிருந்தால் மன்னியுங்கள். துக்கத்தில் இருப்பவரிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாது.

கருத்தில் நான் முழுக்க இறங்கி வரவில்லை. சொல்லாய்வன் எப்படித் தவறியது என்று சொல்கிறார். ஏன் இந்தச் சொல், ஏன் இந்த ஆளிடம், ஏன் முப்பத்தோராவது தடவை என்பதற்கு அவரிடம் பதில் இல்லை. ஃப்ராய்ட் பயணத்தில் சந்தித்த ஓர் இளைஞர், பழைய ரோமக் கவிஞர் வர்ஜிலின் லத்தீன் வரி ஒன்றைச் சொல்லும்போது 'அலிக்விஸ்' (யாரோ ஒருவர்) என்ற சொல்லை மறந்துவிட்டார். ஃப்ராய்ட் அவரை மனதில் தோன்றுவதையெல்லாம் வரிசையாகச் சொல்ல வைத்தார். நேப்பிள்ஸ் நகரப் புனிதரின் உறைந்த ரத்தம் உருகுவது வரை போய், கடைசியில் தனக்கு வேண்டிய பெண்ணுக்கு நாள் தள்ளிப்போயிருக்குமோ என்ற அவருடைய பயத்தில் வந்து நின்றது. அது தற்செயலா?

#11 சொல்லாய்வன்

அந்தக் கதைக்குச் செபஸ்தியானோ டிம்பனாரோ என்ற இத்தாலியர் 1974-ல் பதில் எழுதினார். அவர் பழைய ஏடுகளை ஒப்பிட்டுப் பாடம் பார்க்கிறவர், நம் சுவடிப் பதிப்பாசிரியர்களைப் போல. ஏடு எழுதுகிறவர்கள் எந்தச் சொல்லை விடுவார்கள், எதை எளிதான சொல்லாக மாற்றுவார்கள் என்று அவருக்கு அத்துபடி. அந்த லத்தீன் வரியில் அலிக்விஸ் இல்லாமலே பொருள் ஓடிவிடுகிறது, அமைப்பும் பேச்சு வழக்குக்குப் பழக்கமில்லாதது, எந்த எழுத்தரும் விட்டிருப்பார் என்றார். கூடவே, அந்த வரியில் வேறு எந்தச் சொல்லை மறந்திருந்தாலும் அதிலிருந்தும் அதே பயத்துக்கு வழி போட முடியும் என்று செய்தும் காட்டினார்.

பயம் அந்த இளைஞரின் மனதில் நிறைந்து கிடந்தது. எந்தக் கதவைத் திறந்தாலும் அங்கேதான் போவார். அதனால் அந்தக் கதவை உடைத்தது பயம்தான் என்று ஆகிவிடாது. தாழ்வாரம் விஷயத்திலும் இதைத்தான் சொல்கிறேன். நிம்மதி இருந்தது உண்மை, வாய் தவறியதும் உண்மை. ஒன்றால்தான் மற்றது என்பதற்குச் சாட்சி இல்லை.

#12 லாந்தர்

இவ்வளவு படித்தவர்கள் பேசிய பிறகு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. இதையெல்லாம் நாத்தனாருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். நேரில் போங்கள். மூளை, ஒலி, விகுதி எதையும் சொல்லாதீர்கள், சாக்குச் சொல்வது போல இருக்கும். அவருக்கு அம்மா போயிருக்கிறார். பக்கத்தில் இருந்து பார்க்க முடியவில்லையே என்ற வருத்தம் அவருக்கும் இருக்கும். அதுவும் எங்கேயாவது இறங்கத்தானே வேண்டும்.

#13 தாழ்வாரம்

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். உள்ளே கூப்பிட்டார், காபி கொடுத்தார், பேசவில்லை. நானே ஆரம்பித்தேன். "அக்கா, அன்னிக்கு நான் சொல்ல வந்தது அது இல்லை. ஆனா நிம்மதி இருந்தது, அதை மறைக்கலை" என்றேன். சொல்லும்போது கை நடுங்கியது. மூன்றாவது வருஷம் நடுராத்திரி நினைத்ததையும் சொல்லிவிட்டேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தார். சமாதானம் என்று எதுவும் சொல்லவில்லை.

கிளம்ப எழுந்தபோது கேட்டார், "கடைசி ராத்திரி அம்மா ஏதாவது கேட்டாங்களா?"

தண்ணீர் கேட்டதைச் சொன்னேன். இரண்டு மணிக்குப் புரட்டிவிடப் போனபோது. ஸ்பூனில் கொடுத்தேன், மூன்று ஸ்பூன் குடித்தார், நாலாவது வாயோரம் வழிந்தது, துடைத்துவிட்டேன்.

"வெந்நீரா?" என்றார்.

"ஆமாங்க்கா. அவங்களுக்குப் பச்சைத் தண்ணி ஒத்துக்காதே."

மறுபடி உட்காரச் சொன்னார்.